நெஞ்செரிச்சலா, நெஞ்சுவலியா? ரோஸ் கலர் மருந்து சொல்லுமா?

2023 நவம்பர் 14, மாலை 6.10 (வாசகர் கேள்வி)

வயது 44. தீபாவளி முடிந்து இரண்டு நாளாக, இரவு படுத்ததும் நெஞ்சுக்குழியில் தொடங்கித் தொண்டை வரை எரிகிறது. வாயில் புளித்த தண்ணீர் வருகிறது. எழுந்து உட்கார்ந்தால் குறைகிறது. வீட்டில் எல்லாரும் கேஸ் என்கிறார்கள். நெஞ்சின் இடது பக்கம் லேசாக வலிப்பது மாதிரியும் இருக்கிறது, அதனால் பயம். எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

2023 நவம்பர் 14, இரவு 8.45

எட்டு வருடமாக இதோடு குடித்தனம் நடத்துகிறேன், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கும்பகோணத்தில் அச்சகம். முகூர்த்த மாதம் வந்தால் மதியச் சாப்பாடு நாலு மணிக்கு, இரவுச் சாப்பாடு பதினொன்றுக்கு, உடனே படுக்கை. எரியாமல் என்ன செய்யும்.

என் வழி எளிது. மருந்துக்கடையில் கிடைக்கும், அமிலத்தை முறிக்கும் அந்த ரோஸ் கலர் மருந்து இரண்டு ஸ்பூன். பத்து நிமிடத்தில் அடங்கினால் அசிடிட்டி. அடங்காவிட்டால் ஆஸ்பத்திரி. இதுவரை ஒருமுறைகூடத் தவறியதில்லை. படுக்கும்போது இடது பக்கம் சாய்ந்து படுங்கள்.

2023 நவம்பர் 15, காலை 7.20

நேற்று அவசரத்தில் எழுதியதோடு கொஞ்சம் சேர்க்கிறேன்.

எங்கள் பாட்டி இதை "எதுக்களிக்குது" என்பாள். என்ன நடக்கிறதோ அதை அப்படியே சொல்லும் வார்த்தை: கீழே போனது எதிர்த்து மேலே வருகிறது. இப்போது எல்லாரும் "அல்சர்" என்கிறோம், அது வேறு சமாசாரம். அல்சர் என்றால் இரைப்பையிலோ சிறுகுடலின் முதல் பகுதியிலோ விழுகிற புண்.

உணவுக்குழாய் இரைப்பையோடு சேருமிடத்தில் ஒரு சுருக்குத்தசை இருக்கிறது. சுருக்குப்பை மாதிரி, விழுங்கும்போது திறந்து பிறகு மூடிக்கொள்ள வேண்டும். அது வேளை கெட்ட வேளையில் தளர்ந்தால் அமிலம் மேலே ஏறுகிறது. இரைப்பைக்கு உள்ளே வழவழவென்று ஒரு பூச்சு காவலுக்கு இருக்கிறது, அமிலம் அதை ஒன்றும் செய்வதில்லை. உணவுக்குழாய்க்கு அந்த மாதிரிக் காவல் கிடையாது. அதனால்தான் எரிச்சல்.

தீபாவளிக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு. காரம்தான் குற்றவாளி என்று மிக்சரை ஒதுக்கிவிட்டு பாதுஷாவை வெளுத்துக்கட்டுகிறோம். கொழுப்பு அதிகமானால் இரைப்பை காலியாக நேரமாகும், அந்தச் சுருக்கும் தளரும். தீபாவளி லேகியத்தை மருந்து என்று நினைத்து மூன்று உருண்டை சாப்பிட்டவன் நான். அதில் ஊற்றிய நெய் கணக்கில் வரவில்லை.

2023 நவம்பர் 15, இரவு 10.05

தலையணையை அடுக்கிப் படுக்கலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். வேண்டாம். தலையணை கழுத்தைத்தான் தூக்கும், வயிறு மடங்கி இன்னும் அழுத்தம் கூடும். கட்டிலின் தலைமாட்டுக் கால்கள் இரண்டுக்கும் அடியில் இரண்டிரண்டு செங்கல் வையுங்கள். சுமார் அரை அடி உயரும், உடம்பு முழுவதும் சரிவாக இருக்கும். முதல் வாரம் தூக்கத்தில் கால்மாட்டுக்கு வழுக்கி வந்துவிடுவோம். பழகிவிடும்.

இடது பக்கம் என்று சொன்னதற்குக் காரணம், அப்படிப் படுத்தால் இரைப்பை உணவுக்குழாய்க்குக் கீழே தொங்குகிறது. வலது பக்கம் படுத்தால் பாட்டிலைக் கவிழ்த்த கதை.

2023 நவம்பர் 19, மாலை 5.30

14-ஆம் தேதி நான் எழுதிய ரோஸ் கலர் மருந்துச் சோதனையை யாரும் நம்ப வேண்டாம். தப்பு. அழிக்காமல் விட்டிருக்கிறேன், நான் என்ன எழுதினேன் என்பது தெரியட்டும்.

அதைப் படித்துவிட்டு இங்கே ஒருவர் "இது ஆபத்தான யோசனை" என்றார். எனக்குக் கோபம் வந்தது. எட்டு வருடம் எனக்கு வேலை செய்ததை ஒரே வரியில் தள்ளுகிறாரே என்று. நேற்று அம்மாவைச் சர்க்கரைக்குக் காட்டப் போன இடத்தில் அந்த டாக்டரிடமே கேட்டேன். அவர் சிரிக்கவில்லை, அதுவே எனக்குப் பாதி பதில்.

இதயத்திலிருந்தும் உணவுக்குழாயிலிருந்தும் வலியைக் கொண்டுபோகும் நரம்புகள் முதுகுத்தண்டில் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் போய்ச் சேருகின்றனவாம். வலி எங்கிருந்து வருகிறது என்று மூளையாலேயே சரியாகப் பிரித்துச் சொல்ல முடியாது. இதயவலி தானாகவே பத்து நிமிடம் வந்து அடங்கக்கூடியது. அந்தப் பத்து நிமிடத்தில் நாம் எதைக் குடித்தோமோ அதற்குப் பெயர் போய்விடும். மருந்தாக இருந்தால் மருந்து, சோடாவாக இருந்தால் சோடா.

தலைகீழாகவும் நடக்கும். நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை, உணவுக்குழாய் இறுகிப் பிடித்திருந்தால் அதையும் தளர்த்திவிடும். அதில் வலி போனால் இதயம்தான் என்றும் சொல்ல முடியாது. ஆக எந்த மருந்தில் வலி போயிற்று என்பதை வைத்து எது என்று தீர்மானிக்க வழியில்லை.

இதில் எனக்கு வெட்கமான விஷயம் ஒன்று உண்டு. எங்கள் மாமா, மன்னார்குடியில் இருக்கிறார். 2016-இல் ஒருநாள் சாயங்காலம் நாலு மணிக்கு மேல்வயிறு அடைக்கிற மாதிரி இருக்கிறது என்றார். பெரிய வலி எதுவும் இல்லை. ஏப்பம், கொஞ்சம் குமட்டல். கடையில் கோலி சோடா குடித்தார், ஏப்பம் வந்தது, "விட்டுடுச்சு" என்றார். ஆறு மணிக்குத் திரும்ப. அத்தை ஓமத் தண்ணீர் கொடுத்தாள். அதற்கும் கொஞ்சம் கேட்டது. எட்டு மணிக்கு இஞ்சிச் சாறு. மருமகள்தான் சட்டையைத் தொட்டுப் பார்த்து "என்ன மாமா, ஐப்பசி மாசத்துல இப்படி நனைஞ்சிருக்கு" என்று கேட்டாள். இசிஜி எடுக்கும்போது இரவு பத்து. மாரடைப்பு, இதயத்தின் அடிப்பக்கச் சுவரில். அந்தப் பக்கம் உதரவிதானத்தின் (நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசை) மேல் உட்கார்ந்திருப்பதால் வலி மேல்வயிற்றில்தான் தெரியுமாம். கூடவே அவருக்கு இருபது வருடச் சர்க்கரை. சர்க்கரைக்காரர்களுக்கு நெஞ்சுவலி மழுங்கி வரலாம், வராமலும் போகலாம்.

பிழைத்துக்கொண்டார். ஆனால் ஆறு மணி நேரத்தில் இறந்துபோன இதயத்தசை திரும்பவில்லை. மாடிப்படி ஏறினால் நடுவில் நிற்கிறார்.

இதை முழுக்கத் தெரிந்து வைத்துக்கொண்டுதான் 14-ஆம் தேதி அப்படி எழுதினேன். மாமாவுடையது சர்க்கரைக்காரர் கேஸ், என்னுடையது வேறு என்று மனசுக்குள் ஒரு சுவர் கட்டி வைத்திருந்திருக்கிறேன். இன்னொன்றும் தோன்றுகிறது. கேஸ் என்று சொல்லிவிட்டால் யாரும் பதற வேண்டாம், ராத்திரியில் கார் பிடிக்க வேண்டாம், பணம் புரட்ட வேண்டாம். அதனாலேயே அந்த வார்த்தை முதலில் வாயில் வருகிறது.

2023 நவம்பர் 20, காலை 6.50

கேள்வி கேட்டவர் தனிச்செய்தியில் "அப்படியென்றால் எனக்கு ஹார்ட் அட்டாக்கா" என்று கேட்டிருக்கிறார். பயமுறுத்தியதற்கு மன்னிக்கவும். நீங்கள் சொன்ன மாதிரி படுத்தால் கூடி, எழுந்தால் குறைந்து, புளித்த தண்ணீரோடு வந்தால் பெரும்பாலும் எதுக்களிப்புதான். ஆனால் 44 வயதில் இடது பக்க வலியும் சேர்ந்திருப்பதால் ஒரு இசிஜி எடுத்துவிடுங்கள், இந்த வாரமே.

இனி சொல்வது எல்லாருக்கும். நெஞ்சை யாரோ அமுக்குகிற மாதிரி, பாறை வைத்த மாதிரி இருந்தால், தாடைக்கோ தோளுக்கோ கைக்கோ பரவினால், வேர்த்தால், மூச்சு வாங்கினால், நடந்தால் கூடி நின்றால் குறைந்தால், யோசிக்காமல் 108. பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் இத்தனையும் சேர்ந்து வராமல் போகலாம். வெறும் அசதி, குமட்டல், வேர்வை என்று வரலாம். பைக்கில் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிப் போகாதீர்கள். தானே ஓட்டிக்கொண்டு போவது அதைவிட மோசம்.

பெரிய ஆஸ்பத்திரி தூரம் என்று தயங்க வேண்டாம். தமிழ்நாடு அரசு 2023-இல் தொடங்கிய "இதயம் காப்போம்" திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் தவணை மாத்திரைகளைக் கொடுத்து மேலே அனுப்புகிறார்கள். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டேடின் மூன்றும். மாமா காலத்தில் இது இல்லை.

முதல் இசிஜி சரியாக இருந்தால் உடனே வீட்டுக்குக் கிளம்பாதீர்கள். சில நேரம் முதலில் ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் வைத்திருந்து திரும்ப எடுப்பார்கள், ட்ரோபோனின் என்று ஒரு ரத்தப் பரிசோதனையும் இரண்டு தடவை பார்ப்பார்கள். "பணம் பிடுங்கத்தான் இருத்தி வைக்கிறார்கள்" என்று எழுந்து வந்தவர்களை எனக்குத் தெரியும். நானே ஒருமுறை வந்திருக்கிறேன்.

2023 நவம்பர் 27, இரவு 9.15

கேள்வி கேட்டவருக்கு இசிஜி, எக்கோ (இதய ஸ்கேன்) இரண்டும் நன்றாக இருக்கிறதாம். அமிலம் குறைக்கும் பான்ட்டோபிரசோல் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நல்லது.

அந்த மாத்திரையை நான் வருடக்கணக்காகத் தப்பாகப் போட்டேன். எரியும்போது ஒன்று. இரவுச் சாப்பாடு முடிந்து, எரிய ஆரம்பித்ததும் எழுந்து போய் ஒன்று. வேலை செய்யவில்லை என்று கடைக்காரரிடம் சொன்னால் டொம்பெரிடோன் என்ற இன்னொரு மருந்தும் சேர்த்த கேப்ஸ்யூல் கொடுப்பார். அதை மாசக்கணக்கில் டாக்டரைக் கேட்காமல் சாப்பிடக்கூடாது, இதயத்துடிப்பின் தாளத்தையே தொந்தரவு செய்யக்கூடியது என்பது பின்னால்தான் தெரிந்தது. இதயத்துக்குப் பயந்து கேஸ் மாத்திரை, கேஸ் மாத்திரையால் இதயத்துக்கு வம்பு.

பான்ட்டோபிரசோல் வகையறா ஏற்கெனவே சுரந்த அமிலத்தை ஒன்றும் செய்யாது. அமிலம் இறைக்கும் பம்புகளை அடைக்கிறது. சாப்பாடு வந்தால்தான் பம்புகள் ஓடும், ஓடுகிற பம்பைத்தான் அதனால் அடைக்க முடியும். அதனால் காலையில் வெறும் வயிற்றில் போட்டு, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் டிபன். முழுப் பலன் தெரிய மூன்று நாலு நாள் ஆகும். முதல் நாளே கேட்கவில்லை என்று விட்டவர்கள் கையைத் தூக்குங்கள். நான் இரண்டு கையையும் தூக்குகிறேன்.

இன்னொன்று, மாசக்கணக்கில் சாப்பிட்டுவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் அமிலம் முன்னைவிட அதிகமாகச் சுரக்கலாம். அந்த எரிச்சலைப் பார்த்து, நோய் போகவே இல்லை, ஆயுள் முழுக்க மாத்திரைதான் என்று முடிவு கட்டினேன். அது மாத்திரையை நிறுத்தியதால் வந்த எரிச்சல். டாக்டரிடம் கேட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் அடங்கும்.

2023 நவம்பர் 28, காலை 5.55

காபியை விட வேண்டுமா என்று மூன்று பேர் கேட்டாயிற்று. கும்பகோணத்துக்காரனிடம் கேட்கிற கேள்வியா இது. உங்களுக்குக் காபி குடித்தால் எரிகிறதா என்று ஒரு வாரம் கவனியுங்கள். எரிந்தால் குறையுங்கள், எரியாவிட்டால் குடியுங்கள். எனக்குக் காபி ஒன்றும் செய்வதில்லை, இரவு பதினொரு மணிப் பரோட்டாதான் செய்கிறது. இதை ஒத்துக்கொள்ள எட்டு வருடம் ஆயிற்று.

2023 டிசம்பர் 28, மாலை 4.40

ஒரு மாதம் இந்தப் பக்கம் வரவில்லை. மார்கழியில் கல்யாணம் இல்லாவிட்டாலும் தை முகூர்த்தப் பத்திரிகை எல்லாம் மார்கழியில்தான் அச்சாகும். ஆனால் வராததற்குக் காரணம் அது மட்டுமில்லை.

ஊருக்கெல்லாம் யோசனை சொல்லிக்கொண்டிருந்தவனுக்கு ஒன்று நடந்திருக்கிறது. டிசம்பர் முதல் வாரம் வீட்டில் கேட்டாள்: "நீங்க ஏன் இப்பல்லாம் சப்பாத்தியே சாப்பிடறதில்ல?" பிடிக்கவில்லை என்றேன். இட்லியைக்கூட சாம்பாரில் கரைத்துத்தானே சாப்பிடுகிறீர்கள், வாய்க்கு வாய் தண்ணீர் குடிக்கிறீர்கள் என்றாள். யோசித்துப் பார்த்தால் உண்மை. தீபாவளிக்கு முன்பிருந்தே கெட்டியாக எதையாவது விழுங்கினால் நெஞ்சின் நடுவில் ஒரு நொடி நின்றுதான் இறங்கியது. நான் அதைக் கவனிக்கவில்லை, அதற்குத் தகுந்த மாதிரி சாப்பாட்டை மாற்றிக்கொண்டே வந்திருக்கிறேன்.

விழுங்கும்போது அடைப்பது, விழுங்கும்போது வலிப்பது இரண்டும் தள்ளிப்போடக்கூடாத அறிகுறிகள். அந்த வரிசையில் மற்றவையும் உண்டு: காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை, விடாத வாந்தி. 50 வயதுக்கு மேல் புதிதாக ஆரம்பிக்கும் தொந்தரவு. குடும்பத்தில் யாருக்காவது இரைப்பை, உணவுக்குழாய்ப் புற்றுநோய் இருந்தால் இன்னும் சீக்கிரம் போக வேண்டும். ரத்தமாகவோ காப்பித்தூள் கலந்த மாதிரியோ வாந்தி எடுத்தால், மலம் தார் மாதிரிக் கறுப்பாக ஒட்டிக்கொண்டு நாறினால், அது எண்டோஸ்கோபிக்கு (வாய் வழியாகக் குழாய் விட்டு உள்ளே பார்ப்பது) நாள் குறிக்கிற விஷயமில்லை, அன்றைக்கே அவசரப் பிரிவு. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் மலம் கறுக்கும், அதையும் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

எண்டோஸ்கோபி செய்துகொண்டேன். பயந்த அளவுக்கு இல்லை என்று எல்லாரும் சொல்வார்கள், நான் சொல்ல மாட்டேன். முதல் நாள் இரவுக்குப் பிறகு சாப்பாடு இல்லை. தொண்டையில் மரத்துப்போக ஒரு ஸ்பிரே, கசப்பு. இடது பக்கம் படுக்க வைத்து, பல்லுக்கு நடுவில் ஓட்டை போட்ட ஒரு பிளாஸ்டிக்கைக் கடிக்கக் கொடுத்தார்கள். குழாய் உள்ளே போகும்போது நாலைந்து தடவை ஓங்கரித்தேன், கண்ணில் தண்ணீர். மூக்கால் மூச்சு விடச் சொல்லித் தோளைத் தட்டிக்கொண்டே இருந்தார் ஒரு சிஸ்டர். அந்தத் தட்டல் இல்லையென்றால் குழாயைப் பிடுங்கியிருப்பேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. மயக்க ஊசி போட்டும் செய்கிறார்கள், அடுத்த தடவை கேட்டு வாங்கிக்கொள்வேன்.

பார்த்தவரை உணவுக்குழாயின் கீழ்ப்பகுதியில் நல்ல ரணம். இரைப்பையின் மேல்பகுதி உதரவிதானத்தின் ஓட்டை வழியாகக் கொஞ்சம் மேலே ஏறியிருக்கிறது, அதை ஹயாட்டஸ் ஹெர்னியா என்கிறார்கள். சதை கிள்ளி பயாப்சிக்கு அனுப்பியிருக்கிறார்கள். ரிசல்ட் வர ஒரு வாரம்.

2023 டிசம்பர் 31, இரவு 11.30

தூக்கம் வரவில்லை. எரிச்சல் இல்லை, வேறு.

2024 ஜனவரி 6, பகல் 1.10

பயாப்சி வந்தது. ரணம் மட்டும்தான், கெட்டது எதுவும் இல்லை. வீங்கியதால்தான் அடைத்திருக்கிறது. எட்டு வாரம் மாத்திரை, ஒழுங்காகக் காலையில்.

வருடக்கணக்கில் அமிலம் பட்டுக்கொண்டே இருந்தால் சிலருக்கு உணவுக்குழாயின் உள்தோல் குடலின் உள்தோல் மாதிரி மாறிவிடும், அதற்கு பாரெட் என்று பெயர். அப்படி மாறினவர்களிலும் மிகச் சிலருக்குத்தான் அது புற்றுநோயாகும். எனக்கு அது இல்லை. ஒரு வாரம் அந்தப் பெயரை மட்டும் படித்துக்கொண்டிருந்தேன், யாரும் அப்படிச் செய்யாதீர்கள்.

"கிருமி டெஸ்ட் எடுத்தீர்களா" என்று கேட்டவருக்கு: எடுத்தார்கள், இல்லை. ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற அந்தக் கிருமி அல்சருக்கு ஒரு முக்கியக் காரணம். எதுக்களிப்புக்கு அது காரணம் என்று சொல்ல முடியாது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறோம். காரம், கவலை, அமிலம்தான் அல்சருக்குக் காரணம் என்று டாக்டர்களே நினைத்திருந்த காலத்தில், ஆஸ்திரேலியாவில் பாரி மார்ஷல் 1984-இல் அந்தக் கிருமியை வளர்த்துத் தானே குடித்து, இரைப்பையில் அழற்சி வரவழைத்துக் காட்டினார். அவருக்கும் ராபின் வாரனுக்கும் 2005-இல் நோபல் பரிசு. நம் ஊரில் இன்னமும் அல்சருக்கு மிளகாய்தான் பழி சுமக்கிறது.

டெஸ்ட் எடுக்கப் போகிறவர்கள், அமிலம் குறைக்கும் மாத்திரை சாப்பிடுவதை முன்கூட்டியே சொல்லுங்கள். அது கிருமியை மறைத்துவிடும், வழக்கமாக இரண்டு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள்.

2024 ஜனவரி 16, காலை 8.00

பொங்கல் அன்று மதியம் சர்க்கரைப் பொங்கல், வடை, சாப்பிட்ட கையோடு தூக்கம். மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்தேன். யாருக்கும் யோசனை சொல்லும் தகுதி எனக்கில்லை.

2024 பிப்ரவரி 11, இரவு 9.40

"எரிந்தால் ஜில்லென்று பால் குடியுங்கள்" என்று இங்கே ஒருவர். நானும் குடித்தவன்தான். அப்போதைக்கு இதமாக இருக்கும், பால் உள்ளே போனதும் இரைப்பை அதற்கும் சேர்த்து அமிலம் சுரக்கும். நள்ளிரவில் பால், இரண்டு மணிக்கு மறுபடி எரிச்சல்.

சோடா உப்பு கலந்த பொடிகளில் சோடியம் அதிகம். பிரஷர் உள்ளவர்கள் தினம் குடிக்கிற வேலை வேண்டாம்.

இதைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியது, வேறு எதற்கோ சாப்பிடும் மாத்திரை. மூட்டு வலிக்கு டைக்ளோபினாக், இபுபுரூபன் விழுங்குகிறவர்களுக்கு இரைப்பை புண்ணாகலாம். பிரஷருக்குக் கொடுக்கும் அம்லோடிபின் அந்தச் சுருக்குத்தசையைத் தளர்த்தக்கூடும். உடனே நிறுத்திவிடாதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள், மாற்றித் தருவார். எங்கள் அம்மாவின் மருந்துப் பையைக் கொட்டிப் பார்த்தால் ஒரே வலி மாத்திரை இரண்டு பெயரில் இருந்தது, இரண்டு டாக்டர் எழுதியது.

2024 மார்ச் 9, பகல் 11.20

மாமா கும்பகோணம் வந்திருந்தார், மாசி மாதக் கல்யாணம் ஒன்றுக்கு. நேற்று முன்தினம் இரவு ஒன்றரை மணிக்கு எழுப்பினார். "கேஸ் மாதிரி இருக்குடா, அந்த ரோஸ் கலர் மருந்து இருக்கா?"

இருந்தது. அலமாரியில், கை எட்டும் தூரத்தில். கொடுக்கவில்லை. 108-க்குப் போன் போட்டேன். "வெறும் ஏப்பத்துக்கு வண்டியா" என்று படி இறங்கும்வரை திட்டினார். இசிஜி, ரத்தம், மூன்று மணி நேரம் கழித்துத் திரும்ப இரண்டும். எல்லாம் சரியாக இருந்தது. கல்யாண வீட்டில் இரவு சாப்பிட்ட கோபி மஞ்சூரியன்தான்.

விடிந்து வெளியே வந்தோம். டீக்கடை வாசலில், ஒரு ராத்திரியைக் கெடுத்தாய், பில்லும் உன் தலையில்தான் என்றார். சரி மாமா என்றேன். அப்புறம் வடை கேட்டார். வாங்கித் தரவில்லை. அவரே போய் இரண்டு வாங்கிக்கொண்டு, ஒன்றை என்னிடம் நீட்டினார்.